வாசலில் விழுந்த எழுத்து

பாலக்காரையில் எழுத்து முதன்முதலாக விழுந்தது மார்கழி பதினொன்றாம் நாள் விடியலில், ஊராட்சித் தலைவர் கலியபெருமாள் வீட்டு வாசலில். தூசி விழுவதை எங்கள் ஊரில் யாரும் ஒரு செய்தியாகச் சொல்லமாட்டார்கள். அன்னப்பட்சி சிமெண்ட் ஆலை வந்த இருபத்தாறு வருடங்களாக அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது, துவைத்துக் காயப்போட்ட வேட்டியில், முருங்கைக் கீரையில், மாட்டின் முதுகில், தூங்குகிற பிள்ளைகளின் இமைமயிரில், மூட மறந்த குழம்பில். அன்றைக்கு மட்டும் அது தலைவர் வீட்டு வாசலில் பரவலாக விழாமல் வரிவரியாக, ஆபீஸில் எழுதிப் பழகிய கையெழுத்தில் விழுந்திருந்தது.

அதை அப்படியே பெருக்கித் தள்ளியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தலைவர் பெண்சாதி அம்சவல்லி, இருட்டுப் பிரியாத நேரத்தில் அரைத் தூக்கத்தில் எழுந்துவந்து, முப்பது வருடமாகச் செய்கிற மாதிரியே வாளியில் கைவிட்டு வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே ஓடிவிட்டாள். சிமெண்டில் தண்ணீர் பட்டால் இறுகும் என்பது எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும்; வாசல் தெளிக்கிற கைக்குத் தெரியாது. அவள் கோலப்பொடியோடு திரும்பி வருவதற்குள் விடிந்துவிட்டது, எழுத்து கல்லாகிவிட்டது, பால் வாங்கப் போன நாலு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுதியிருந்தது இவ்வளவுதான்: அன்னப்பட்சி சிமெண்ட், குடைக் கட்சிக்கு, தேர்தல் செலவுக்கு, கலியபெருமாள் வழியாக, நாற்பது லட்சம். எதற்காக: மூன்றாவது சுரங்கம்.

மூன்றாவது சுரங்கம் என்றால் எங்கள் கீழத்தெருவும் அதன் பின்னாலிருக்கிற ஏரியும். இரண்டு சுரங்கத்துக்குச் சுண்ணாம்புக்கல் எடுத்த பிறகு ஆலைக்கு மிச்சமிருப்பது எங்கள் காலுக்குக் கீழே இருப்பதுதான். மாசி மாதம் கலெக்டர் வந்து கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவதாக இருந்தது. ஊர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று தலைவர் பொங்கலுக்குப் பொங்கல் எங்களிடம் நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவந்தார். கொத்தனைக் கூப்பிட்டு அன்றே எழுத்தைச் செதுக்கி எடுத்தார்கள். மறுநாள் விடியலில் அதே இடத்தில் அதே வரி கிடந்தது. டைல்ஸ் பதித்தார்கள், டைல்ஸ் மேல் விழுந்தது. காரைக் கொண்டுவந்து அதன் மேல் நிறுத்தினார்கள். காருக்கு அடியில் போய் விழுந்தது.

மூன்றாம் நாள் ஊஞ்சல் கட்சிக் கிளைச் செயலாளர் வாசலிலும் விழுந்தது. அதே ஆலை, அதே சுரங்கம், முப்பத்தெட்டு லட்சம். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஊஞ்சல் கட்சிக்காரர்கள் கோபப்பட்டது எழுத்து விழுந்ததற்காக இல்லை, இரண்டு லட்சம் குறைந்ததற்காக. அதற்காக ஆலை வாசலில் கொடிபிடித்து நின்றதையும் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

ஆலை எஞ்சினியர் ஒருவர் வந்து காற்று சுழல்வதால் இப்படி ஆகும் என்றார். நாங்கள் தலையாட்டினோம். ஏன் விழுகிறது, யார் எழுதுகிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை; இருபத்தாறு வருடம் எங்கள் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருந்த தூசிக்கு எங்களைப் பற்றித் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். எங்களுக்கு வேண்டியதெல்லாம் நாளைக்கு யார் வாசல் என்பதுதான். ஊரில் சந்தித்துக்கொண்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது போய், வாசல் எப்படி என்று கேட்பது வந்தது.

மார்கழி முடிவதற்குள் சிரிப்பு நின்றது. ஏனென்றால் எழுத்து பெரிய வீடுகளோடு நிற்காமல் இறங்கி வந்தது. தலைவர், செயலாளர், வார்டு மெம்பர்கள், லாரி சங்கத்துக்காரர், கோயில் கமிட்டி, பிறகு கூரை வீடு, ஓட்டு வீடு, காலனி வீடு. குடைக் கட்சியோ ஊஞ்சல் கட்சியோ போன தேர்தலில் கவரில் வைத்துக் கொடுத்த ஆயிரம் ரூபாய் யார் வீட்டுப் பணம் என்று அப்போது நாங்கள் கேட்கவில்லை. தூசி இப்போது ஆளுக்கு ஒரு வரியாக அதைச் சொல்லிற்று. என் வாசலிலும் விழுந்தது. ஆலை, கட்சி, என் பெயர், ஆயிரம், எதற்காக: ஓட்டு. அடுத்தவர் வாசலில் படித்தபோது பொடியாகத் தெரிந்த எழுத்து என் வாசலில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதன் பிறகு பாலக்காரையில் யாரும் வாசல் தெளிக்கவில்லை. மார்கழியில் தெருவை அடைத்துக் கோலம் போடுகிற ஊர், தை பிறந்தும் கோலமே இல்லாமல் கிடந்தது. நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் படாமல் காய்ந்த வாக்கில் பெருக்கித் தூசியை முறத்தில் அள்ளிக் கொல்லையில் கொட்டிவிட்டால் அன்றைய பொழுது நம்முடையது. பனி ஈரம் பட்டால் மேலாக ஒரு தோல்தான் கட்டும், துடைப்பம் போட்டால் உடைந்துவிடும். மழைதான் பயம். விவசாயம் பார்க்கிற ஊர் மழை வேண்டாம் என்று மாரியம்மனுக்கு விளக்கு வைத்தது அந்த ஒரு முறைதான். பெண் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் பஜ்ஜி சாப்பிட வராமல் விடியலிலேயே வந்து தெருமுனையில் நின்று வாசலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கூட்டுக் குடும்பத்தில் முதலில் எழுவது யார் என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டைகளைச் சொல்ல ஆரம்பித்தால் இன்று முடியாது.

ஊரில் ஒரே ஒரு வாசல்தான் ஒருநாளும் எழுத்துப் படாதது என்று பேர் வாங்கியது. அது என் எதிர்வீடு, ராசாங்கத்தின் வாசல்.

ராசாங்கம் பத்து வருடம் சுரங்கத்தில் துளைபோடுகிற மெஷினைப் பிடித்தவர். நெஞ்சில் பாதியை அங்கே விட்டுவிட்டு மீதியோடு வந்து, மூன்றாவது சுரங்கம் கூடாது என்று குழு ஆரம்பித்தவர். லாரிகளை மறித்துப் பதினைந்து நாள் ஜெயிலிலும் இருந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் கவர் கொடுக்க வந்தபோது வாங்காமல் திருப்பி அனுப்பிய ஆள். அவர் கூட்டத்தில் பேச எழுந்தால் பேச்சைவிட இருமல் அதிகமாக இருக்கும், ஆனாலும் கடைசியில் ஒரு வரி சொல்வார்: "நான் ஒண்ணும் பெருசா பேசல. விடிஞ்சதும் என் வாசல வந்து பாருங்க." அந்த வரிக்குத்தான் ஜனங்கள் அவர் பின்னால் நின்றார்கள். அவர் பெண்சாதி தையல்நாயகி அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கமான பெண் என்று நாங்கள் நினைத்தோம்.

அவள் அடக்கத்தில் குனியவில்லை. ராசாங்கம் ஜெயிலில் இருந்த அந்தப் பதினைந்து நாளில்தான் அவர்கள் மகள் மணியரசிக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். தையல்நாயகி யார் யாரிடமோ போய் நின்று கடைசியில் அம்சவல்லியிடம் நின்றாள். அம்சவல்லி கட்சியிலிருந்து என்று சொல்லி மூன்று லட்சம் கொடுத்தாள், ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டாள். குழந்தை பிழைத்தது. வெளியே வந்த புருஷனிடம் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது என்று தையல்நாயகி சொல்லிவிட்டாள். அவர் அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஆகவே அவள் வாசலிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது. நாலரை மணிக்கு நான் துடைப்பத்தோடு வெளியே வரும்போது எதிரே அவளும் துடைப்பத்தோடு நிற்பாள். நடுவில் தெரு. நான் அவள் வாசலைப் பார்க்கமாட்டேன், அவள் என் வாசலைப் பார்க்கமாட்டாள், இரண்டு பேரும் முதுகை வளைத்துக்கொண்டு அவரவர் வரியை அவரவர் பெருக்குவோம். ஊரில் எல்லாத் தெருவிலும் பெண்கள் அப்படித்தான் எதிரெதிரே நின்று பெருக்கினோம், கல்யாண வீட்டில் எச்சில் இலை எடுக்கிறவர்கள் மாதிரி, வாயைத் திறக்காமல்.

அவள் வரியில் ஒரு வித்தியாசம் இருந்தது. இதைப் பிற்பாடு அவளே சொன்னாள். ஆலை, குடைக் கட்சி, கலியபெருமாள் வழியாக, தையல்நாயகி, மூன்று லட்சம் என்றெல்லாம் எழுதிவிட்டு, எதற்காக என்ற இடத்தை மட்டும் தூசி எழுதாமல் விட்டிருந்தது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் தினமும் அவளுக்கு மூச்சு வந்தது. வாங்கினோம், ஆனால் பதிலுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தை பாதியில் வெள்ளை ஜீப் வந்தது. அதில் இரண்டு பேர், கையில் பெரிய துடைப்பமும் சாக்கும். ஆலை அனுப்பியதா, கட்சி அனுப்பியதா என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. விடியலில் தெருத்தெருவாக வந்து பெரிய வாசல்களை அவர்களே பெருக்கினார்கள். பெருக்கி முடித்து எங்கள் கதவுகளைப் பார்த்து, "தண்ணி ஊத்துனவன்னு யாராச்சும் இருந்தா கையி இருக்காது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சத்தம்போட்டுச் சொல்லவில்லை. பால்காரன் கணக்கு சொல்கிற குரலில் சொன்னார்கள்.

தபால்காரர் சவரிமுத்து ஒருவர்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே வேலையாக இருந்த ஆள், வந்து சேர்ந்த எழுத்தைப் பெருக்கித் தள்ளுவது அவருக்குப் பொறுக்கவில்லை. ராசாங்கத்தின் வீட்டில் உட்கார்ந்து தையல்நாயகி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே, ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விடுகிற தன் பூவாளியைக் காட்டிச் சொன்னாராம்: "ஊத்துனா கலைஞ்சிடும் ராசாங்கம், தெளிக்கணும். கலெக்டரு வர்ற அன்னிக்கு ஊரு முச்சூடும் எழுத்தா கெடக்கணும். எந்த ஆபீசுலயும் பூட்டி வைக்க முடியாது பாரு." ராசாங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தையல்நாயகி காப்பி டம்ளரைக் கழுவப் போனாள்.

மறுநாள் விடிந்தபோது மேலத்தெருவில் பன்னிரண்டு வாசல் கல்லாகியிருந்தது. ஜீப்காரர்கள் கடப்பாரை கொண்டுவந்து பெயர்த்தார்கள். மேலத்தெருவில் இரண்டு பேரை அடித்தார்கள். அவர்களுக்கு யார் தெளித்தது என்று தெரியாது.

அன்று சாயங்காலம் அம்சவல்லி குழாயடிக்கு வந்தாள். வீட்டில் மோட்டார் வைத்திருக்கிறவளுக்குக் குழாயடியில் என்ன வேலை என்று எங்களுக்கெல்லாம் தோன்றியது. தையல்நாயகி பக்கத்தில் போய், அவள் குடத்தைத் தானே குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்து மெதுவாகக் கேட்டாள்.

"மணியரசி நல்லாருக்காளா?"

"நல்லாருக்காக்கா."

"நாளைக்கு உங்க தெருன்னு பேசிக்கிறாங்க. உன் வாசல்ல தண்ணி பட்டா ராசாங்கம் தம்பி தாங்குமா, சொல்லு. அந்த நெஞ்ச வச்சுக்கிட்டு."

குடம் நிறைந்து வழிந்தது.

"யாருன்னு மட்டும் சொல்லு. கூப்புட்டுப் பேசி நிறுத்திப்புடுவாங்க. அடிக்கல்லாம் மாட்டாங்க, நான் பொறுப்பு."

அவள் சொல்லிவிட்டாள். பேசித்தான் நிறுத்துவார்கள் என்று நம்பினாளா, நம்ப வேண்டும் என்று நம்பினாளா, அது அவளுக்கே தெரியாது.

சவரிமுத்து அடுத்த நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அதற்கடுத்த நாள், தண்ணீர் நிரம்பிக் கிடக்கிற முதலாவது சுரங்கக் குழியில் மிதந்தார். கரையில் சைக்கிள் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியிருந்தது, பையில் கடிதங்கள் நனையாமல் இருந்தன. குளிக்கப் போய் வழுக்கிவிட்டார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர் அவர் என்று அவர் பெண்சாதி ஆரோக்கியம் கத்தியதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அடக்கத்தன்று ஊரில் பாதிப்பேர் வீட்டுக்குள்ளிருந்தே ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ராசாங்கம் மட்டும் கல்லறைத் தோட்டத்துக் குழிமேட்டில் நின்று, இருமல் விடாமல் வர, "எவன் காட்டிக் குடுத்தானோ அவன் வெளங்கமாட்டான்" என்றார். தையல்நாயகி அப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் விடியலில் அவள் வாசலில் அந்த வெற்றிடம் நிரம்பியிருந்தது. எதற்காக: சவரிமுத்து.

நான் அன்றைக்கு அவளைப் பார்த்தேன். துடைப்பத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். முதல் வரிகளையெல்லாம் பெருக்கிவிட்டு, கடைசியில் குத்தவைத்து உட்கார்ந்து ஏதோ கொஞ்சத்தை மட்டும் உள்ளங்கையால் துடைத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். என்ன அது என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே செய்தாள். ஒன்பது நாள் அப்படிச் செய்தாள். சோறு இறங்காமல், கழுத்தெலும்பு தெரிய, புருஷன் தொட்டுக் கூப்பிட்டால் திடுக்கிட்டு, அந்தப் பெயரைத் தினமும் ஒரு தரம் துடைத்தாள். தூசி தினமும் ஒரு தரம் எழுதியது. துடைக்கத் துடைக்க ஒவ்வொரு நாளும் தானே போய் அவரைக் குழியில் தள்ளிவிட்டு வருகிற மாதிரி இருந்தது என்று சொன்னாள்.

மாசி எட்டாம் நாள் கலெக்டர் வருகிற நாள். வழக்கம்போல நாலரை மணிக்கு நான் வெளியே வந்தேன். எதிரே அவளும் வந்தாள். அவள் கையில் துடைப்பம் இல்லை, வாளி இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் வாளியில் கையை விட்டு, மணிக்கட்டை லேசாகச் சுழற்றி, ஓர் எழுத்தும் கலையாமல் பூப்போலத் தெளித்தாள். ஒன்றரை மாதமாகக் கேட்காத சத்தம் அது.

"தையலு, என்ன காரியம்டி பண்ற" என்றேன்.

"இறுகறதுக்கு அரை மணி நேரம் ஆகும்க்கா. யாரும் மிதிச்சிடாம பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புருஷனை எழுப்பினாள்.

ராசாங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். குனிந்து படித்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக விரலால் காட்டிப் படித்தார். கடைசி வார்த்தைக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

"இது நெசமா?"

"நெசம். பாப்பா ஆபரேசனுக்கு வாங்குனேன்."

"சவரி?"

"நான்தான் சொன்னேன். பேசி நிறுத்திப்புடுவாங்கன்னாங்க."

அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை மேலேயே நின்று, பிறகு அவருடைய நெஞ்சுக்கே வந்து அமுக்கிக்கொண்டது. அந்த நேரத்தில்தான் தெருமுனையில் ஜீப் திரும்பியது.

அதன் விளக்கு வெளிச்சம் எங்கள் இரண்டு வாசலிலும் விழுந்தது. இரண்டு பேரும் இறங்கினார்கள். ஈர மண்ணைப் பார்த்ததும் ஒருவன் திரும்பிப்போய்க் கடப்பாரையை எடுத்தான். ராசாங்கம் இப்போது பேசாமல் ஒதுங்கிக்கொண்டால் போதும். அவர் வாசல் மறுபடியும் சுத்தமாகிவிடும், பத்து மணிக்குக் கலெக்டர் முன்னால் நின்று வழக்கமான வரியைச் சொல்லலாம், அவர்களே அவர் மானத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வந்திருக்கிறார்கள். எனக்கே அது புரிந்தது, அவருக்குப் புரியாமல் இருக்குமா. அவர் பெண்சாதியைப் பார்க்கவில்லை, அவர்களையும் பார்க்கவில்லை. எழுத்துக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, வீட்டுக்குப் புதுத் தரை போட்டவர் விருந்தாளியிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"ஈரமா இருக்கு. மிதிக்காதீங்க."

கடப்பாரைக்காரன் சிரித்தான். இன்னொருவன் சுற்றிப் பார்த்தான். துடைப்பத்தோடு நிற்கிற என்னைப் பார்த்தான். "உனக்கென்ன வேடிக்கை. உள்ள போ" என்றான்.

நான் உள்ளே போனேன். தாழ்ப்பாளும் போட்டேன். கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன். வெளியே அடி விழுகிற சத்தம் கேட்டது. ராசாங்கத்தின் இருமல் கேட்டது, அது தரையிலிருந்து கேட்டது. தையல்நாயகி கத்தவில்லை. பிறகு வேறொரு சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ வாசலில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். அதற்கடுத்த வீட்டில். எதிர்வரிசையில் ஒன்று. தெருக்கோடியில் ஒன்று. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். என் வீட்டுத் தாழ்வாரத்திலும் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

ஜீப் கிளம்பிய சத்தம் கேட்டபின் கதவைத் திறந்தேன். தெருவில் எட்டு வாசல் நனைந்து இறுகிக்கொண்டிருந்தது; மற்ற ஏழிலும் வாளியும் குடமுமாக ஆட்கள் நின்றதைப் பார்த்துத்தான் ஜீப் போயிருக்க வேண்டும். ராசாங்கம் நெற்றியில் ரத்தத்தோடு தன் எழுத்துக்குக் குறுக்காகப் படுத்துக்கிடந்தார், எழுத்தின் மேல் படாமல் கையை ஊன்றி. தையல்நாயகி அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தில் ராசாங்கம் வழக்கமான வரியைச் சொல்லவில்லை. "என் வாசல்ல எழுதியிருக்கு. வந்து படிங்க" என்றார். கலெக்டர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நடந்தே வந்து எட்டு வாசலையும் படித்தார். கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. சவரிமுத்து விஷயம் விசாரணையில் இருக்கிறது என்கிறார்கள். ஏரி இன்னும் இருக்கிறது, இரவில் ஜீப்பும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ராசாங்கம் தையல்நாயகியோடு பேசி ஏழு மாதம் ஆகிறது. ஆனால் வாசலைத் தாண்டும்போது அந்த வரியை மிதிக்காமல் காலை அகட்டி வைத்துத் தாண்டுகிறார், அவளும் அப்படியே தாண்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிற வழியில் ஆரோக்கியம் வந்து நின்று படித்துவிட்டுப் போகிறாள். தையல்நாயகி ஒவ்வொரு தரமும் வெளியே வந்து அவள் முன்னால் நிற்கிறாள்.

அன்று தண்ணீர் எடுத்துக்கொண்டு முதலில் வந்தது யார் என்று கேட்டால் தெருவில் இப்போது ஒவ்வொருவரும் தாங்கள்தான் என்கிறார்கள். நான் வரவில்லை. என் வாசலை நீங்கள் வந்து பார்க்கலாம், ஓர் எழுத்து இருக்காது. அந்த மாசி எட்டுக்கு மறுநாளிலிருந்து என் வரியும் மாறிவிட்டது. அதே ஆலை, அதே கட்சி, அதே ஆயிரம். எதற்காக: கதவைச் சாத்திக்கொண்டது. நாலு மணிக்கே எழுந்து பெருக்கிவிடுகிறேன், எதிரே யாரும் வருவதற்கு முன்னால்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி மழை பிடிக்க இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. இன்று காலையில் கிழக்கே மேகம் கட்டியிருந்தது.